கேட்டு வாங்குகிற கடன்

(‘பொது வசதிகளுக்காக நகரம் கடன் பத்திரம் வெளியிட வாக்காளர்கள் சம்மதிப்பது வரமா, சுமையா?’ என்ற பட்டிமன்றத்தில், ‘வரமே’ என்ற அணியில் பேசியது)



எனக்கு முன்னால் பேசிய அம்மா இராவணனையே சாட்சிக் கூண்டில் ஏற்றிவிட்டார். கடன்பட்டவன் நெஞ்சு எப்படிக் கலங்கும் என்று கம்பன் பாடியதாகச் சொல்லிக் கைதட்டலும் வாங்கிவிட்டார். அம்மா, வாங்கிய கைதட்டலை நான் திருப்பிக் கேட்கவில்லை. ஆனா அந்த வரியைக் கம்பராமாயணத்துல தேடினா கிடைக்காது. கம்பன் வாங்காத கடனை அவர் பேர்ல எழுதாதீங்க! (சிரிப்பு, கைதட்டல்)

நாம் பேச வந்தது கந்துவட்டிக் கடன் அல்ல. ஒரு நகரம் தன் மக்களிடம் வந்து, ‘தீயணைப்பு நிலையம் பழசாயிடுச்சு, நூலகம் இடிஞ்சு விழற மாதிரி இருக்கு, இவ்வளவு பணம் வேணும், கடன் வாங்கட்டுமா?’ என்று கேட்கிறது. மக்கள் ஓட்டுப் போட்டுப் பதில் சொல்கிறார்கள். அமெரிக்காவில் சான் பிரான்சிஸ்கோவில் இது வழக்கம். அங்கே நூற்றுக்கு ஐம்பத்தொன்று பேர் சரி என்றால் போதாது. மூன்றில் இரண்டு பங்கு பேர் சொல்ல வேண்டும். நம்ம வீட்ல பிரிட்ஜ் வாங்கவே அவ்வளவு மெஜாரிட்டி கிடைக்காது! (சிரிப்பு)

ஓட்டுக்கு முன்னால் வாக்காளருக்கு ஒரு கையேடு தருகிறார்கள். ஆதரிப்பவர் வாதம், அதற்கு மறுப்பு, எதிர்ப்பவர் வாதம், அதற்கும் மறுப்பு என்று அச்சடித்து வருகிறது. நகரத்தின் கணக்கு அதிகாரி, சொத்து வரி எவ்வளவு ஏறும் என்று எழுதிக் கொடுக்கிறார். நடுவர் அவர்களே, இது பட்டிமன்றம் இல்லாமல் வேறென்ன? ஒரே வித்தியாசம், அங்கே தீர்ப்பு சொல்பவர் நடுவர் இல்லை, வரி கட்டுகிறவர்.

‘வசதி இல்லாவிட்டால் என்ன குடியா முழுகிவிடும்?’ என்று எதிரணித் தலைவர் கேட்டார். அதே ஊரின் கதையைச் சொல்கிறேன். 1906 ஏப்ரல் 18, விடியற்காலை. நிலநடுக்கம். அதில் இடிந்தது கொஞ்சம்தான், எரிந்ததுதான் அதிகம். தீயணைப்புப் படை இருந்தது, வண்டி இருந்தது, ஆட்கள் இருந்தார்கள், தண்ணீர் இல்லை! பூமிக்கு அடியில் குழாய் உடைந்து போச்சு. மூன்று நாள் ஊர் எரிந்தது. கடல் சூழ்ந்த ஊரில் நெருப்பை அணைக்கத் தண்ணீர் இல்லை என்றால் அந்த மக்களின் வயிற்றெரிச்சல் எப்படி இருந்திருக்கும்? மூவாயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள் என்பது பிற்கால ஆய்வாளர்கள் போட்ட கணக்கு.

இரண்டே வருடம். 1908-ல் அந்த ஊர் மக்கள், சாம்பல் வாசனை போவதற்குள், 52 லட்சம் டாலர் கடன் பத்திரத்துக்குச் சம்மதம் கொடுத்தார்கள். எதற்கு? நெருப்பணைக்க மட்டும் தனிக் குழாய். குன்றின் மேல் நீர்த்தேக்கம். கடல்நீரை இறைத்துக் குழாயில் விடும் பம்ப் நிலையங்கள். தெருவுக்கு அடியில் தொட்டிகள். வீடு போனவர்கள், கடை போனவர்கள் ஓட்டுப் போட்டார்கள் ஐயா! அவர்கள் நெஞ்சு கலங்கவில்லையா? கலங்கியதால்தான் கடன் வாங்கினார்கள். (கைதட்டல்)

அதோடு முடிந்ததா என்றால் இல்லை. 1989-ல் மறுபடி நிலநடுக்கம். அந்தக் குழாய்களிலும் சில உடைந்தன. மெரினா என்ற பகுதியில் தீ. (நம்ம மெரினா இல்லை, பயப்படாதீங்க.) ‘பீனிக்ஸ்’ என்ற தீயணைப்புப் படகு கடல்நீரை இறைத்துக் கொடுத்தது. கட்டியதைப் பராமரிக்கவும் பணம் வேண்டும் என்பது புரிந்தது. 2010-ல் 41 கோடி டாலருக்கு மேல், 2014-ல் 40 கோடி, 2020-ல் 62 கோடிக்கு மேல் என்று தீயணைப்பு, போலீஸ் நிலையங்களுக்கும் குழாய்களுக்கும் கேட்டார்கள். மூன்று முறையும் மக்கள் சரி என்றார்கள்.

வட்டி பற்றி எதிரணியில் ஒரு தம்பி நன்றாகப் பேசினார். கோல்டன் கேட் பாலத்துக்கு அசல் மூன்றரைக் கோடி டாலர், வட்டி ஏறக்குறைய மூன்று கோடி தொண்ணூறு லட்சம், அசலை விட வட்டி ஜாஸ்தி என்றார். உண்மைதான். தம்பி பாதியில் நிறுத்திவிட்டார், மீதியை நான் சொல்கிறேன்.

1930 நவம்பரில் ஓட்டெடுப்பு. அதற்கு ஒரு வருடம் முன்னால்தான் பங்குச் சந்தை சரிந்து அமெரிக்காவே ஆடிப் போயிருந்தது. அந்த நேரத்தில் ஆறு மாவட்ட மக்கள் தங்கள் வீட்டையும் தோட்டத்தையும் கடையையும் ஈடாக வைக்கச் சம்மதித்தார்கள். ஆதரவு 1,45,057, எதிர்ப்பு 46,954. படகுக் கம்பெனிக்காரர்களுக்குப் பிடிக்கவில்லை. பாலம் வந்தால் படகில் யார் ஏறுவார்? வழக்குகள் வந்தன. பத்திரத்தை வாங்க ஆளில்லை. கடைசியில் பேங்க் ஆஃப் அமெரிக்காவின் ஜியானினி, இத்தாலியிலிருந்து குடிபெயர்ந்த பெற்றோரின் பிள்ளை, கைகொடுத்தார். 1937-ல் பாலம் திறந்தது. 1971-ல் கடன் தீர்ந்தது. அசலும் வட்டியும் பாலத்தில் போன வண்டிகள் கட்டிய சுங்கத்திலிருந்தே போனது. ஈடு வைத்த வீடு ஒன்றுகூட ஏலத்துக்கு வரவில்லை. தம்பி, மூன்றரைக் கோடியைச் சேர்த்து வைத்துப் பிறகு கட்டியிருந்தால், 1937-ல் நடந்தவன் பேரன்தான் அதில் நடந்திருப்பான்!

அதற்காக எதைக் கேட்டாலும் தலையாட்டச் சொல்லவில்லை. அந்த ஊர் மக்களும் ஆட்டவில்லை. 2022-ல் பஸ், டிராம் வசதிக்கு 40 கோடி டாலர் கேட்டார்கள். நூற்றுக்கு 65 பேர் சரி என்றும் தோற்றது, மூன்றில் இரண்டு பங்குக்குக் கொஞ்சம் குறைந்ததால். பென்ஷனில் வாழும் கிழவிக்கு வீட்டு வரி ஏறும். வாடகைக்காரர் மேலும் ஒரு பங்கு விழும். அங்கே வரி உயர்வில் பாதியை வீட்டுக்காரர் வாடகையில் ஏற்றலாம். அந்தக் கிழவி ‘இல்லை’ என்று குத்தினால் அவளை நான் குறை சொல்ல மாட்டேன். கேட்டார்களே, அதுதான் பெரிசு. கொடுத்த பணம் எப்படிச் செலவாகிறது என்று பார்க்கப் பொதுமக்கள் குழு ஒன்றையும் 2002-ல் ஓட்டுப் போட்டே அமைத்தார்கள்.

நம் நாட்டில் 1998-ல் அகமதாபாத் மாநகராட்சி 100 கோடி ரூபாய்க்குக் கடன் பத்திரம் வெளியிட்டது. 2025-ல் நம் சென்னை மாநகராட்சி 200 கோடிக்கு வெளியிட்டது, மழைநீர் வடிகால் வேலைக்கு. இரண்டிலும் முதலீட்டாளரைக் கேட்டார்கள். இடுப்பளவு தண்ணியில் நின்றவரைக் கேட்டு ஓட்டெடுப்பு நடத்தவில்லை, அப்படி ஒரு ஏற்பாடே இங்கே கிடையாது. கேட்டிருந்தால் வேளச்சேரி என்ன சொல்லியிருக்கும்? (பலத்த கைதட்டல்)

நடுவர் மணியைத் தொட்டுவிட்டார். எதிரணிக்கு ஒரே கேள்வி. கடன் வேண்டாம் என்கிறீர்கள், சரி. 1906-ல் உடைந்த அந்தக் குழாயை எந்தப் பணத்தில் போட்டிருப்பீர்கள்? அடுத்து வருகிறவர் இதற்குப் பதில் சொல்லிவிட்டு இராவணனிடம் போகட்டும்.