தலைமை ஆசிரியர் முதலில் சாப்பிடுகிறார்

நான் வங்கியில் குமாஸ்தாவாக இருந்தவன். ஒருவர் எழுதியதை இன்னொருவர் சரிபார்த்துக் கையெழுத்துப் போட்டால்தான் பணம் வெளியே போகும். அதனால் ஜப்பான் பள்ளிகளின் மதிய உணவைப் பற்றிப் படித்தபோது, என் கண் சமையலைவிடச் சரிபார்ப்பின் மேல்தான் விழுந்தது.

அங்கே பிள்ளைகள் சாப்பிடுவதற்கு அரை மணி நேரம் முன்பே தலைமை ஆசிரியரோ வேறொரு பொறுப்பாளரோ அந்தச் சாப்பாட்டைச் சாப்பிட்டுப் பார்க்க வேண்டும். வாசனையிலோ ருசியிலோ சந்தேகம் வந்தால் பரிமாறக் கூடாது. ஒவ்வொரு பதார்த்தத்திலும் 50 கிராம் எடுத்து, மைனஸ் 20 டிகிரியில் 2 வாரம் வைக்கிறார்கள். நம் பழைய வவுச்சர் கட்டு மாதிரி, பின்னால் கேள்வி வந்தால் எடுத்துக் காட்டலாம். காரணம் இருக்கிறது. 1996-இல் சக்காய் நகரத்தில் பள்ளிச் சாப்பாட்டால் ஓ157 கிருமி பரவி ஆயிரக்கணக்கான பிள்ளைகள் படுத்துவிட்டார்கள். சில குழந்தைகள் பிழைக்கவில்லை. அதன் பிறகுதான் விதிகள் இறுகின.

செலவுக் கணக்கு 1954-ஆம் ஆண்டுச் சட்டத்தில் இருக்கிறது. சமையலறையும் சம்பளமும் உள்ளாட்சியின் பொறுப்பு, மளிகைச் செலவு பெற்றோருடையது. பல ஊர்களில் இப்போது அதையும் உள்ளாட்சியே கொடுக்கிறது.

பரிமாறுவது பிள்ளைகள்தான். வெள்ளை அங்கி, தொப்பி, முகக்கவசம் போட்டுக்கொண்டு முறை வைத்துப் பரிமாறுகிறார்கள். வாரக் கடைசியில் அந்த அங்கியை வீட்டுக்குக் கொண்டுபோய்த் துவைத்துத் திங்களன்று தர வேண்டும். ஆசிரியரும் வகுப்பிலேயே அதே சாப்பாட்டைச் சாப்பிடுகிறார்.

போன பொங்கல் விருந்தில் சாம்பார் வாளியைத் தொட்ட என் பேரனை, "கொட்டிடுவே, போடா" என்று விரட்டியவன் நான்தான். அடுத்த விருந்தில் கரண்டி அவன் கையில். முதல் வாய் செயலாளருக்கு!