நான்சென்ஸ் என்னும் சொல்

ஆங்கிலத்திலிருந்து வந்து தமிழர் நாவிற் குடியேறிய சொற்களுள் 'நான்சென்ஸ்' என்பதும் ஒன்று. ஆங்கிலம் கற்றார் மட்டுமன்றி, அம்மொழியின் எழுத்தொன்றேனும் அறியாதாரும் இச்சொல்லை அறிவர். அலுவலகத்தில் மேலதிகாரி சினந்து கூறுவதும், வகுப்பில் ஆசிரியர் மாணவனை அடக்கக் கூறுவதும், தோட்டத்துப் பிரட்டுக்களத்தில் துரைமார் உரக்கக் கூறியதும் இச்சொல்லே. இத்துணைப் பழகிய சொல்லின் பொருள் யாது? அதனை எவ்விடத்து ஆளுதல் தகும்?

'சென்ஸ்' என்பது இலத்தீன் வழி வந்த சொல். உணர்வு, அறிவு, பொருள் என்னும் மூன்றையும் குறிப்பது. முன்னே நிற்கும் 'நான்' தமிழில் தன்னைச் சுட்டும் 'நான்' அன்று. 'இல்லை' என்பதைக் காட்டும் முன்னொட்டு. எனவே பொருளற்றது என்பதே இச்சொல்லின் நேர்ப்பொருள். 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே ஆங்கிலத்தில் இது வழங்கிற்று. 1846இல் எட்வர்ட் லியர் என்பார் சிறுவர் நகைக்கும்படி தாம் இயற்றிய வேடிக்கைப் பாடல் நூலுக்கு இச்சொல்லையே பெயராக வைத்தார். ஆகவே அது வசைச்சொல்லாக மட்டும் வாழவில்லை, விளையாட்டுக்கும் பெயராயிற்று.

ஆங்கிலேயர் ஒருவரது கூற்றையோ செயலையோ இவ்வாறு கூறுவரேயன்றி, ஆளை நோக்கிக் கூறுவதில்லை. தமிழரோ, "அவன் ஒரு நான்சென்ஸ்" என்று மனிதனுக்கே அதனைச் சூட்டிவிட்டனர். தொல்லை என்னும் பொருள்தரும் 'நியூசென்ஸ்' என்ற சொல்லோடு இதனை மயங்கி, "நான்சென்ஸ் பண்ணாதே" என்பாரும் உளர். கூற்றைப் பழித்த சொல் ஆளைப் பழிக்கும் சொல்லாக மாறியமை சிறு மாற்றமன்று. கூற்றிற் குறையிருப்பின் அதனை எடுத்துக்காட்டித் திருத்தலாம். ஆளே பொருளற்றவன் என்று முடிவுகட்டியபின் அவன் சொல்லைக் கேட்பார் யார்?

தமிழில் இக்குறைகளுக்குத் தனித்தனிப் பெயருண்டு. தொடர்பின்றிப் பேசுவது உளறல். பொருள் விளங்கினும் பயனின்றிப் பேசுவது வீண்பேச்சு; இதனைக் கடியவே வள்ளுவர் 'பயனில சொல்லாமை' என ஓர் அதிகாரம் வகுத்தார். சொற்றொடர் செம்மையாய் அமைந்தும் உண்மையோடும் வாழ்வோடும் பொருந்தாதிருப்பது அபத்தம். ஈழத்துப் பேச்சுவழக்கில் 'விசர்க்கதை' என்ற சொல்லும் உண்டு. உளறல் என்பவர் எது தொடர்பற்றது என்று காட்டவேண்டும். அபத்தம் என்பவர் எதனோடு பொருந்தவில்லை என்று கூறவேண்டும். அனைத்தையும் 'நான்சென்ஸ்' என்ற ஒரே சொல்லில் அடக்குவோருக்கோ இக்கடமை இல்லாமற்போகிறது.

கேட்பதற்குச் சீராய் அமைந்த ஒன்று அபத்தமாதல் எங்ஙனம் என்பதற்கு மாத்தளை மாவட்டத்தின் வரலாறே சான்று தரும். 1848ஆம் ஆண்டில் தேசாதிபதி டொறிங்டன் பிரபுவின் அரசாங்கம் துப்பாக்கிக்கும், நாய்க்கும், கடைக்கும் வரி விதித்தது. இவற்றோடு வீதிச் சட்டம் ஒன்றும் வந்தது. 18 முதல் 55 வயது வரையுள்ள ஆண்மக்கள் ஆண்டுக்கு 6 நாள் வீதி வேலை செய்யவேண்டும். அன்றேல் 3 சிலிங் செலுத்தவேண்டும். சட்டத்தின் வாசகத்தில் உளறல் ஏதும் இல்லை. ஆயினும் அது பௌத்த பிக்குகளையும் உள்ளடக்கியது. பிக்கு நிலத்தை அகழலாகாது, பொன்னையும் வெள்ளியையும் ஏற்கலாகாது என்பன விநய விதிகள். மண்வெட்டியை எடுப்பினும் விதி மீறல். பணத்தை எடுப்பினும் விதி மீறல். இரண்டும் இயலாதவரிடம் இரண்டில் ஒன்றைத் தெரிந்துகொள்ளுமாறு சட்டம் பணித்தது. அவ்விதிகள் அடங்கிய திரிபிடகம், கி.மு. முதலாம் நூற்றாண்டில் மாத்தளை நகருக்கு அண்மையிலுள்ள அலுவிகாரையிலேயே முதன்முதல் ஏட்டில் எழுதப்பெற்றது என்பது மரபு!

மக்கள் முறையிட்டனர், அம்முறையீடு உரிய மதிப்பைப் பெறவில்லை. ஜூலை 26ஆம் நாள் தம்புள்ளை விகாரையில் கொங்காலேகொட பண்டா அரசராக முடிசூட்டப்பெற்றார். ஓரிரு நாட்களில் மாத்தளையின் அரசாங்கக் கட்டடங்கள் தாக்கப்பட்டன. இராணுவச் சட்டம் பிறந்தது. ஆகஸ்ட் 8ஆம் நாள் புரன் அப்பு கண்டியிற் சுட்டுக்கொல்லப்பட்டார். பின்னர் பிக்குகளுக்கு வீதிச் சட்டத்திலிருந்து விலக்கு அளிக்கப்பட்டது. 1849இல் பிரித்தானியப் பாராளுமன்றம் விசாரணைக் குழுவொன்றை நியமித்தது. 1850இல் டொறிங்டன் பதவி நீங்கினார். முறையிட்டோர் கூற்றிற் பொருள் இருந்தது, பொருந்தாதிருந்தது சட்டமே.

சரியாக நூறாண்டு கழிந்தது. 1948ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டம், இந்நாட்டில் முன்னரே பிறந்திருந்த ஒருவர், தந்தையும் இங்கே பிறந்தவர் என்று காட்டவேண்டும். அன்றேல் தந்தைவழிப் பாட்டனும் பூட்டனும் இங்கே பிறந்தவர்கள் என்று காட்டவேண்டும் என்றது. மன்னார்க் கரையிறங்கி, தம்புள்ளை வழியே காட்டுப்பாதையில் நடந்து மாத்தளையை அடைந்தவர்களின் வழித்தோன்றல்கள் லயங்களில் வாழ்ந்தனர். அத்தகையோரிடம் முன்னோரின் பிறப்புக்குப் பத்திரம் ஏது? "இங்கே பிறந்தோம், இங்கே உழைக்கிறோம்" என்ற அவர்தம் கூற்றில் விளங்காத சொல் ஒன்றேனும் உண்டோ? எனினும் 1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி உடன்படிக்கை அவர்களை இரு நாடுகளுக்கும் எண்ணிக்கையாற் பங்கிட்டது. எஞ்சியோருக்கு வழிசெய்த சட்டம் 2003இலேயே வந்தது.

ஆதலின் ஒருவர் சொல்லை 'நான்சென்ஸ்' என்று தள்ளுமுன், அது உளறலா, வீண்பேச்சா, அபத்தமா என்று ஆராய்தல் வேண்டும். மூன்றுமன்றாயின், அது செவிக்கு இனிமையற்ற உண்மையாயிருத்தல் கூடும். அவ்வுண்மையைக் கேட்டு விடையளித்தலே அறிவுடையார்க்கு அழகு.