இருபது டிகிரி அறை



2018 மத்திய பட்ஜெட்டில் பாதுகாப்புத் தொழில் வழித்தடத்தை அறிவித்தார்கள். தமிழ்நாட்டில் சென்னை, ஓசூர், சேலம், கோவை, திருச்சி என்று ஐந்து ஊர்கள். 2019 ஜனவரியில் திருச்சியில் தொடங்கியும் வைத்தார்கள். விமானத்துக்குப் பாகம் செய்யலாம் என்ற ஆசை, கணபதியிலும் பீளமேட்டிலும் உள்ள நம்ம கோவை லேத் பட்டறைகளுக்கும் வந்துவிட்டது. வர வேண்டிய ஆசைதான்!

செய்த பாகத்தை எங்கே அளப்பது?

நூறு மில்லிமீட்டர் எஃகுத் துண்டு ஒன்று. ஒரு டிகிரி சூடு ஏறினால் ஒரு மைக்ரானுக்குச் சற்றே அதிகமாக நீளும். மிஷினிலிருந்து எடுக்கும்போது அது 35 டிகிரியில் இருந்தால், 20 டிகிரியில் இருப்பதைவிடப் பதினேழு மைக்ரான் நீண்டிருக்கும். டிராயிங்கில் அனுமதி பத்து மைக்ரான்தான் என்றால் என்ன செய்வீர்கள்? இதற்காகத்தான் அளவு பார்க்க 20 டிகிரி என்று உலகம் முழுக்க ஒரே கணக்கு வைத்திருக்கிறார்கள். இரவும் பகலும் அந்த 20 டிகிரி மாறாத ஓர் அறை, உள்ளே சி.எம்.எம். என்கிற ஒரு முப்பரிமாண அளவைக் கருவி, அதை ஓட்டத் தெரிந்த ஒரு பிள்ளை. பத்துப் பேர் வேலை செய்கிற பட்டறை இதைத் தனியாக வாங்க முடியாது. பொதுவில்தான் வேண்டும்.

அந்த ஓர் அறைக்கு எத்தனை வாசல்படி ஏறுவது? தொழிற்பேட்டையில் மனை தருகிற சிட்கோ சிறு தொழில் துறையிடம். வழித்தடத்தைப் பார்க்கிற டிட்கோ தொழில் துறையிடம். தடையில்லாத மின்சாரம் மின்வாரியத்திடம். கருவியை ஓட்டும் பிள்ளைக்குப் பயிற்சி தருகிற ஐ.டி.ஐ. தொழிலாளர் நலத் துறையிடம். ஆய்வகச் சான்று மத்தியில், என்.ஏ.பி.எல். அமைப்பிடம். யாரையும் நான் குறை சொல்லவில்லை. ஒவ்வொருவரும் தங்கள் வேலையை ஒழுங்காகச் செய்தாலும் அந்த அறை திறக்காது. மனை ஒதுக்குகிற வருஷம் வேறு, மின் இணைப்பு வருகிற வருஷம் வேறு என்றால் எப்படித் திறக்கும்?

71 அரசு ஐ.டி.ஐ.களை டாடா டெக்னாலஜிஸுடன் சேர்ந்து 2,877 கோடி ரூபாயில் தமிழ்நாடு அரசு நவீனமாக்கியது. மனமாரப் பாராட்டுகிறேன். அங்கே படித்து வருகிற பிள்ளை நம் பட்டறை வழியாகத்தான் நடந்து போகிறான். அவன் கற்ற கருவி நம்மிடம் இல்லாததால் உள்ளே வர மாட்டேன் என்கிறான். அவன் மேல் எனக்குக் கோபமே இல்லை.

பம்புசெட்டைச் சோதிக்க இதே ஊர் சிட்டார்க் என்ற சோதனை மையத்தை உருவாக்கிக் காட்டியது. பொதுச் சோதனைக்கூடம் நமக்குப் புதிதல்ல.

ஆகவே இன்றைய தீர்மானத்தில் புது மானியம் எதையும் கேட்காதீர்கள். இந்தத் துறைகளின் செயலாளர்கள் அத்தனை பேரும் ஒரே மேசையில் உட்கார்ந்து, ஒரே தேதிப் பட்டியலில் கையெழுத்திட வேண்டும் என்று கேளுங்கள். தேதி தவறினால் பதில் சொல்ல ஓர் அதிகாரியின் பெயரும் அதில் இருக்க வேண்டும். கோவையில் முதல் அளவை அறை என்றைக்குத் திறக்கும் என்பதே அந்தப் பட்டியலின் முதல் வரியாக இருக்கட்டும். தீர்மானத்தை இப்படியே நான் முன்மொழிகிறேன்.