கடல் மேல் ஓடும் ரயில்



சாந்தன்பாறையிலிருந்து ராமேஸ்வரம் போவது எப்படி? மலை இறங்கிப் போடிக்குப் போக வேண்டும். அங்கே ரயில் ஏறினால் மதுரை. மதுரையிலிருந்து இன்னொரு ரயில். மண்டபம் தாண்டியதும் தரை முடிந்துவிடும். ரயில் கடல் மேல் ஓடும். அதுதான் பாம்பன் பாலம்.

ராமேஸ்வரம் ஒரு தீவு. முன்பு படகில்தான் போக வேண்டும். 1914-ஆம் ஆண்டு பாலம் கட்டி ரயில் விட்டார்கள். பாலத்தின் நீளம் சுமார் 2 கிலோமீட்டர். கப்பல் வந்தால் பாலத்தின் நடுப்பகுதி இரண்டாகப் பிரிந்து மேலே எழும்பும். தொழிலாளர்கள் கையாலேயே அதைத் தூக்குவார்கள்.

ரயில் தீவின் கோடியில் உள்ள தனுஷ்கோடி வரை போனது. அங்கே கப்பல் ஏறினால் இலங்கையின் தலைமன்னார். தேயிலைத் தோட்ட வேலைக்குப் போன தமிழர்கள் பலர் இந்த வழியாகவே போனார்கள்.

1964 டிசம்பர் 22. அன்று இரவு பெரும் புயல். பாம்பனிலிருந்து வந்த ரயில் தனுஷ்கோடியை நெருங்கியது. பேரலை அதை அடித்துச் சென்றது. 100-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். தனுஷ்கோடி ஊரே அழிந்தது. பாலத்தின் இரும்பு உத்தரங்களும் கடலில் விழுந்தன.

பாலத்தைச் சரிசெய்ய முதலில் 6 மாதம் கெடு வைத்தார்கள். பிறகு அதை 3 மாதமாகக் குறைத்தார்கள். பொறுப்பேற்றவர் இ. ஸ்ரீதரன். பாலக்காடு மாவட்டத்தில் பிறந்தவர். அப்போது அவருக்கு 32 வயது. விழுந்த உத்தரங்களைக் கடலிலிருந்து எடுத்தார்கள். மீண்டும் பொருத்தினார்கள். 46 நாளில் வேலை முடிந்தது!

ஆனால் தனுஷ்கோடிக்கு மீண்டும் ரயில் வரவில்லை. இன்றும் ரயில் ராமேஸ்வரத்தோடு நின்றுவிடுகிறது.

மூணாற்றிலும் இப்படி நடந்தது தெரியுமா? மூணாற்றிலிருந்து டாப் ஸ்டேஷனுக்கு ஒரு சிறிய ரயில் ஓடியது. தேயிலை ஏற்றிச் சென்றது. 1924 வெள்ளம் அதை அழித்தது. அதையும் யாரும் திரும்பக் கட்டவில்லை.

போன ரயில் எல்லாம் திரும்பி வருவதில்லை. ஆகவே இருப்பதைக் காக்க வேண்டும். உப்புக் காற்று இரும்பை அரிக்கும். துரு சுரண்ட வேண்டும். வண்ணம் பூச வேண்டும். 100 ஆண்டுக்கு மேல் இந்த வேலை நடந்தது. 2022 டிசம்பரில் பழைய பாலத்தில் ரயில் நின்றது. 2025 ஏப்ரல் 6 அன்று பக்கத்திலேயே புதிய பாலம் திறந்தார்கள். இதன் நடுப்பகுதி பிரியாது. நேராக மேலே எழும்பும். மோட்டார் தூக்கும்.

பழைய பாலத்தில் ஒரு விதி இருந்தது. காற்று மணிக்கு 58 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டினால் ரயிலை நிறுத்திவிடுவார்கள். பயணிகள் காத்திருப்பார்கள். ரயில் தாமதமாகப் போகலாம். ஏறியவர்கள் எல்லோரும் பத்திரமாக இறங்க வேண்டும்.