புதியதற்கு ஓர் இடம்



பத்தாண்டு நிறைவு விழாவில் கணினியைப் பற்றிப் பேச முற்பட்டதற்கு இரண்டு சொற்கள் காரணம்: காலம், கோலம். நமக்கு இவை வெவ்வேறு. கணினியோ இரண்டையும் ‘லம’ என்று ஒன்றாக்கிவிடக்கூடும்.

சைகிட்-லேர்ன் என்பது பைதான் மொழியில் அமைந்த இயந்திரக் கற்றல் தொகுப்பு. 2007இல் தொடங்கப்பெற்று 2010இல் பொதுவெளிக்கு வந்தது. அதன் மூலநிரலை யாரும் படிக்கலாம், திருத்தலாம். உரையைச் சொற்களாகப் பிரித்து எண்ணும் உறுப்பொன்று அதில் உண்டு. அதன் இயல்பான விதி ஆங்கிலத்துக்குப் பொருந்துவது. நம் உயிர்க்குறிகளையும் புள்ளியையும் அது எழுத்தாகக் கொள்வதில்லை. அவ்விடங்களில் சொல்லை வெட்டும். ஓரெழுத்துத் துண்டுகளைத் தள்ளிவிடும். ஆகவே ‘கவிதை’ ‘கவ’ ஆகிறது. ‘பூ’வும் ‘தீ’யும் இல்லாமலே போகின்றன.

இதற்காக வருந்தி நிற்க வேண்டியதில்லை. நாமே வகுக்கும் படிமுறைக்கும் அத்தொகுப்பு இடம் தருகிறது. அதற்கான இலக்கணம் சுருக்கமானது. தரவிலிருந்து கற்பதற்கு ‘ஃபிட்’, உருமாற்றுவதற்கு ‘டிரான்ஸ்ஃபார்ம்’, கணித்துச் சொல்வதற்கு ‘பிரடிக்ட்’ என்னும் பெயர்களில் செயல்களை அமைக்க வேண்டும். தொடக்கத்தில் பெற்ற அமைப்புகளை மாற்றாமல் காக்க வேண்டும். கற்றறிந்தவற்றின் பெயர் அடிக்கோட்டில் முடிய வேண்டும். இவற்றைப் பேணினால், நாம் எழுதிய உறுப்பு உள்ளிருப்பவற்றோடு ஒரே வரிசையில் நின்று இயங்கும். உயிர்மெய் சிதையாமல் சொல்லைப் பிரிக்கும் உறுப்பை இணைத்தால் காலமும் கோலமும் தனித்தனியே நிற்கும். நேரசை, நிரையசை எண்ணும் உறுப்பையும் இணைக்கலாம்.

மூலத்தொகுப்பின் உள்ளேயே இடம்பெறுவது அரிது. வெளிவந்து மூன்றாண்டு கடந்து, 200க்கு மேல் மேற்கோள் பெற்ற முறைகளையே பொதுவாக ஏற்பர். ஆனால் வெளியில் இருந்தபடி இணைந்து இயங்குவதற்கு எவர் இசைவும் வேண்டியதில்லை.

இது நமக்குப் புதிய செய்தியன்று. தொல்காப்பியச் செய்யுளியல், எண்வகை வனப்புள் ‘விருந்து’ என்று ஒன்றை வைத்தது. புதிதாகப் புனைவதற்கு அப்பெயர். இலக்கணமே புதியவருக்குத் திண்ணை அமைத்த மரபு நம்முடையது.

கவிஞர்களிடம் ஒரு வேண்டுகோள். சொல் எங்கே முடிகிறது, புணர்ச்சி எங்கே அவிழ்கிறது, அசை எங்கே பிரிகிறது என்பதை அறிந்தவர்கள் நீங்கள். நிரல் எழுதும் இளைஞரோடு ஒரு மாலை அமருங்கள். நம் சொல்லுக்கு நாம் விதி எழுதாவிட்டால், வேறு மொழிக்கு எழுதிய விதி அதை வெட்டிக்கொண்டே இருக்கும்.