முதல் வெல்டிங் மெஷின்: பெட்டியின் மேலுள்ள எண்ணை நம்பி வாங்காதீர்கள்

(நமது அறக்கட்டளையின் இளைஞர் கைத்தொழில் அமர்வில் செயலாளர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)





சில மாதங்களாக நமது அலுவலகத்துக்கு ஒரே கேள்வி பலர் வாயிலிருந்து வந்துகொண்டிருக்கிறது. "வீட்டிலேயே சின்னதா வெல்டிங் பழகணும், பத்தாயிரத்துக்குள்ள எந்த மெஷின் வாங்கலாம்?" என்று தம்பிமார் கேட்கிறார்கள். அவர்கள் போன கையோடு அவர்களுடைய அத்தாமார் வந்து, "இது தேவைதானா, கண்ணுக்குக் கெடுதல் இல்லையா, வீட்டு கரண்டு தாங்குமா?" என்று கேட்கிறார்கள். இரு தரப்புக்கும் சேர்த்து இன்று பதில் சொல்லிவிடலாம் என்று எண்ணினோம்.

தேவையா என்றால், பிள்ளைக்கு ஆர்வம் இருந்தால் தேவைதான் என்பது எங்கள் கருத்து. மாடியில் செடி வைக்க ஒரு ஸ்டாண்டு, கால் ஒடிந்த கட்டில், துருப்பிடித்து இற்றுப்போன கேட்டின் கீழ்ப்பட்டா என்று வீட்டில் வேலைக்குப் பஞ்சமில்லை. கைப்பேசியில் போகிற மாலை நேரம் இரும்பில் போனால் நல்லதுதானே. ஆனால் பத்தாயிரத்தையும் கொண்டுபோய் மெஷினிலேயே கொட்டிவிடக் கூடாது. ஆறு, ஆறரை ஆயிரத்துக்கு மேல் மெஷினுக்குப் போகவேண்டாம். மீதி முகக்கவசத்துக்கும், தோல் கையுறைக்கும், ராடுக்கும், பழகுவதற்கான பழைய இரும்புக்கும், முக்கியமாக வீட்டு வயரிங்குக்கும் வேண்டும்.

எந்த வகை வாங்குவது என்பதில் அதிகம் குழம்ப வேண்டியதில்லை. நம் பட்டறைகளில் மூலையில் உட்கார்ந்திருக்கும் பெரிய டிரான்ஸ்பார்மர் மெஷின் பல வருடம் உழைக்கும், உண்மைதான். ஆனால் அதை இரண்டு பேர் சேர்ந்துதான் நகர்த்த முடியும். வீட்டு இணைப்பிலிருந்து இழுக்கும் கரண்டும் அதிகம். கம்பிச் சுருள் ஓடும் மிக் மெஷின் கைக்குச் சுலபம். ஆனால் கேஸ் சிலிண்டர், ரெகுலேட்டர், சுருள் என்று செலவு தொடர்ந்து வரும். கேஸ் இல்லாமல் ஓடும் மிக்கும் உண்டு, அதற்குரிய கம்பிச் சுருள் விலை கூடுதல். டிக் என்பது அழகான வேலை. ஆர்கான் சிலிண்டர் வேண்டும், பொறுமையும் வேண்டும், முதல் மெஷினுக்கு அது ஆகாது. ஆகவே வீட்டு 230 வோல்ட் சிங்கிள் ஃபேஸில் ஓடும், கையில் தூக்கிப் போகக்கூடிய, ராடு போட்டு அடிக்கும் இன்வெர்ட்டர் மெஷின். பட்டறைக்காரர்கள் ஆர்க் மெஷின் என்பது இதைத்தான். இந்த அளவுப் பணத்துக்கு வேறு பதில் இல்லை.

சிக்கல் இதற்குப் பிறகுதான் ஆரம்பிக்கிறது. கடையில் போய் நின்றால் 200, 250, 300 என்று பெரிய எழுத்தில் எண் போட்ட பெட்டிகள் அடுக்கி இருக்கும். விலை எல்லாம் ஏறக்குறைய ஒன்றுதான். 300 போட்டது 200 போட்டதைவிட நூறு ரூபாய் குறைவாகக்கூட இருக்கும். பையனுக்கு எது பிடிக்கும்? பெரிய எண்தான். அந்த எண் பல பெட்டிகளில் மாடலின் பெயர், அவ்வளவே. அது மெஷின் தரும் ஆம்பியர் அல்ல.

உண்மை எங்கே இருக்கிறது என்றால், மெஷினின் பின்புறமோ அடியிலோ ஒட்டியிருக்கும் தகட்டில் இருக்கிறது. அதில் வெளியே வரும் ஆம்பியர், அந்த ஆம்பியரில் எத்தனை சதவீத நேரம் ஓடும் என்ற டியூட்டி சைக்கிள், உள்ளே இழுக்கும் அதிகபட்ச ஆம்பியர் ஆகியவை இருக்கவேண்டும். இந்தத் தகடே இல்லாத மெஷினை, எவ்வளவு மலிவாக இருந்தாலும், அங்கேயே வைத்துவிட்டு வந்துவிடுங்கள்.

தகடு இருந்தால் ஒரு சின்னக் கணக்கு போடுங்கள். எட்டாம் வகுப்புப் பிள்ளை போடக்கூடிய கணக்குதான். ராடு வெல்டிங்கில் 200 ஆம்பியர் ஓடும்போது ஆர்க்கில் சுமார் 28 வோல்ட் இருக்கும். 200-ஐ 28-ஆல் பெருக்கினால் 5,600 வாட். இது வெளியே வருவது. இப்போது உள்ளே போவதைப் பாருங்கள். தகட்டில் அதிகபட்சம் 20 ஆம்பியர் இழுக்கும் என்று போட்டிருந்தால், 230-ஐ 20-ஆல் பெருக்கினால் 4,600 வாட். உள்ளே 4,600 போய் வெளியே 5,600 வருமா? கொடுத்ததைவிட அதிகமாகத் திருப்பித் தரும் மெஷின் இன்னும் உலகத்தில் பிறக்கவில்லை. நேர்மையான 200 ஆம்பியர் மெஷின் முழு வேகத்தில் முப்பது ஆம்பியரையும் தாண்டி இழுக்கும். சில தகடுகளில் 'எஃபெக்டிவ்' என்று ஒரு குறைந்த எண்ணும் இருக்கும். அது ஓய்வு நேரத்தையும் சேர்த்துப் போட்ட சராசரி மாதிரியான கணக்கு. நீங்கள் 'மேக்ஸ்' என்று போட்டிருப்பதைப் பாருங்கள்.

டியூட்டி சைக்கிள் என்பது பத்து நிமிடக் கணக்கு. 200 ஆம்பியரில் 30 சதவீதம் என்றால், அந்த ஆம்பியரில் பத்து நிமிடத்தில் மூன்று நிமிடம் அடிக்கலாம், ஏழு நிமிடம் ஆறவிட வேண்டும். இதைக் கேட்டுப் பயப்பட வேண்டாம். பழகும் பிள்ளை 200-இல் ஓட்டப்போவதில்லை. 2.5 மி.மீ. ராடு ஏறக்குறைய ஒரு நிமிடத்தில் தீர்ந்துவிடும். பிறகு கசடைத் தட்டி, பிரஷ் போட்டு, "ஏன் இப்படிக் கோணலாப் போச்சு" என்று யோசிக்கவே ஐந்து நிமிடம் ஆகும். மெஷினுக்கு அதுவே ஓய்வு.

அப்படியானால் வீட்டு வேலைக்கு எவ்வளவு ஆம்பியர்தான் வேண்டும்? 2.5 மி.மீ. ராடுக்கு 60 முதல் 90 வரை. 3.15 மி.மீ. ராடுக்கு 90 முதல் 130 வரை. கட்டில், ஸ்டாண்டு, கிரில், ஆங்கிள் எல்லாம் 2.5-லேயே முடிந்துவிடும். 80 ஆம்பியரில் அடித்தால் மெஷின் வீட்டிலிருந்து இழுப்பது சுமார் 13, 14 ஆம்பியர். அது 16 ஆம்பியர் பவர் பிளக்குக்குள் அடங்கும். 3.15 ராடு போட்டு 110-இல் வைத்தால் அந்த எல்லையைத் தாண்டிவிடும். ஆக, 300 ஆம்பியர் மெஷினையே ஒருவர் இலவசமாகக் கொடுத்தாலும், சாதாரண வீட்டு பிளக்கில் நீங்கள் பயன்படுத்தப்போவது 100-க்கு உள்ளேதான். உண்மையிலேயே 140, 160 தரும் நேர்மையான மெஷின் உங்களுக்கு ஏராளம். இதைச் சொன்னபோது ஒரு தம்பிக்கு முகம் வாடிவிட்டது. என்ன செய்வது, கணக்கு அப்படி.

தாய்மார்கள் இந்த இடத்தைக் கவனமாகக் கேட்கவேண்டும். ஃபேனுக்கும் போன் சார்ஜருக்கும் இருக்கிற சிறிய 6 ஆம்பியர் பிளக்கில், மாற்று பிளக் மாட்டி இந்த மெஷினை ஓட்ட ஒருபோதும் விடாதீர்கள். சுவருக்குள் இருக்கும் மெல்லிய வயர் சூடேறி உருகுவது வெளியே தெரியாது. மீட்டர் பலகையிலிருந்து தனி வயர், தனி எம்சிபி, 16 ஆம்பியர் பிளக் என்று ஒரு எலக்ட்ரீஷியனை வைத்துப் போட்டுக்கொள்ளுங்கள். கூடவே கசிவு வந்தால் துண்டிக்கும் ஆர்சிசிபி வேலை செய்கிறதா என்று அதிலுள்ள டெஸ்ட் பட்டனை அழுத்திப் பார்க்கச் சொல்லுங்கள். எக்ஸ்டென்ஷன் வேண்டுமென்றால் 2.5 சதுர மி.மீ. தாமிர வயருக்குக் குறையக் கூடாது. சுருளாக வைத்து ஓட்டினால் சூடாகும், முழுவதும் பிரித்துப் போடவேண்டும்.

எர்த் பற்றி நம் பக்கத்தில் ஒரு பெரிய குழப்பம் இருக்கிறது. இரும்பில் கடித்து மாட்டும் கிளிப்பையும் பட்டறையில் 'எர்த்' என்கிறோம். பிளக்கின் மூன்றாவது முள்ளில் வருவதையும் 'எர்த்' என்கிறோம். இரண்டும் வேறு. கிளிப் என்பது வெல்டிங் கரண்டு மெஷினுக்குத் திரும்பி வரும் வழி. மூன்றாவது முள் என்பது மெஷினின் உடம்பில் கரண்டு கசிந்தால் உங்கள் உயிரைக் காப்பது. "எர்த்தான் மாட்டியிருக்கேனே" என்று கிளிப்பைக் காட்டிவிட்டு, பிளக்கில் இரண்டு வயரை மட்டும் செருகி ஓட்டுகிறவர்களை நாங்கள் பார்த்திருக்கிறோம். அதை எங்கே கண்டாலும் நிறுத்தச் சொல்லுங்கள். ராடு இரும்பைத் தொடாமல் இருக்கும் நேரத்தில் ஹோல்டரில் 60, 70 வோல்ட் நிற்கும். காய்ந்த கையுறையோடு இருக்கும்வரை அது ஒன்றும் செய்யாது. வியர்வையில் நனைந்த சட்டை, ஈரத் தரை, வெறுங்கால் என்று சேர்ந்தால் ஆபத்து. மழைத் தூறலில் மாடியில் வெல்டிங் வேண்டாம்.

இனி கண். கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு அடிப்பது, முகத்தைத் திருப்பிக்கொண்டு அடிப்பது, ஒரு பொட்டு வைக்கும்போது மட்டும் கண்ணை மூடிக்கொள்வது, இவற்றையெல்லாம் பட்டறையில் திறமை என்று பேசிக்கொள்கிறார்கள். ஆர்க்கின் புற ஊதாக் கதிர் கண்ணின் மேல்படலத்தைச் சுடுகிறது. சுட்டது அப்போது தெரியாது. ஆறு மணி நேரம் கழித்து, பெரும்பாலும் நடு இரவில், கண்ணுக்குள் மணலைக் கொட்டியது போல் எரிச்சல் எடுத்து, தண்ணீராக ஓடும். வழக்கமாக ஓரிரு நாளில் ஆறிவிடும் என்றாலும், கையில் கிடைத்ததைப் பிழிந்து ஊற்றாமல் கண் மருத்துவரிடம் போகவேண்டும். மரத்துப்போகச் செய்யும் சொட்டு மருந்தைக் கடையில் வாங்கி வீட்டில் போட்டுக்கொண்டே இருப்பது படலம் ஆறுவதைக் கெடுக்கும்.

2.5 ராடுக்கு 10-ஆம் எண் நிறக்கண்ணாடி சரியாக இருக்கும். கையில் பிடிக்கும் மட்டையைவிடத் தலையில் மாட்டும் கவசம் நல்லது. பழகுகிறவனுக்கு இரண்டு கையும் வேண்டும். தானாகக் கறுக்கும் கவசம் இன்னும் வசதி. ராடு எங்கே தொடுகிறது என்று முன்பே தெரிவதால் பிள்ளைகள் சீக்கிரம் பழகுகிறார்கள். மெஷினில் ஐந்நூறு குறைத்து இதில் போட்டால் அது நல்ல முடிவு. அடிக்கிறவனுக்குக் கவசம் இருக்கிறது, வேடிக்கை பார்க்கும் தங்கைக்கும் பக்கத்து மாடிக் குழந்தைக்கும் இல்லை என்பதை மறக்கக் கூடாது. வெள்ளைச் சுவரில் பட்டுத் திரும்பும் வெளிச்சமும் சுடும். ஒரு தகரத்தையோ பழைய தார்ப்பாயையோ மறைப்பாக நிறுத்துங்கள். தார்ப்பாய் என்றால் பொறி விழாத தூரத்தில்.

உடைக்கு வருவோம். கைலி கட்டிக்கொண்டு ரப்பர் செருப்போடு உட்கார்ந்து அடிப்பதுதான் நம் ஊர் வழக்கம். பொறி மடியில் விழும், செருப்புக்கும் பாதத்துக்கும் நடுவில் போய் உட்காரும். பருத்தி முழுக்கால் சட்டை, முழுக்கைச் சட்டை, மூடிய ஷூ. பாலியெஸ்டர் உருகித் தோலில் ஒட்டிக்கொள்ளும்.

ராடில் 6013 என்று எண் போட்டதை வாங்குங்கள், ஐ.எஸ். 814 முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். பற்றுவது சுலபம், கசடு எளிதில் பெயரும். ஈரம் பட்ட ராடு சடசடக்கும், ஆகவே மூடியுள்ள டப்பாவில் வையுங்கள். முதல் பாக்கெட்டை எதையும் செய்யாமல் பழைய 5 மி.மீ. பட்டாவில் கோடு இழுத்தே தீர்த்துவிட வேண்டும். 18 கேஜ் சதுரக் குழாய் 1.2 மி.மீ. கனம்தான், அதில் ஆரம்பித்தால் ஓட்டைதான் விழும், பிள்ளைக்கு மனம் விட்டுப்போகும்.

ஜிஐ பைப்பின் துத்தநாகப் பூச்சைத் தேய்த்து எடுக்காமல் அடித்தால் அந்தப் புகையால் இரவில் குளிர்க் காய்ச்சல் வரும். பால் குடித்தால் சரியாகும் என்பது வெறும் பேச்சு. பெயிண்ட் டப்பா, எண்ணெய் டிரம், பைக்கின் பெட்ரோல் டேங்க் ஆகியவற்றைக் காலியாக இருந்தாலும், கழுவியிருந்தாலும், வீட்டில் தொடவே கூடாது. உள்ளே மிச்சமிருக்கும் ஆவி வெடிக்கும். இதில் எங்களிடம் சமாதானம் கிடையாது.

பழைய மெஷின் கிடைத்தால் வாங்கலாமா என்றும் கேட்கிறார்கள். வாங்கலாம், விற்பவர் முன்னாலேயே நான்கைந்து ராடு தொடர்ந்து அடித்துப் பார்த்துவிட்டு. ஃபேன் சுற்றவேண்டும், கருகிய வாடை வரக் கூடாது, கேபிள் பஞ்சுபோல் சூடேறி இளகக் கூடாது. புதிது வாங்கினால் பில்லும் உத்தரவாதமும் எழுத்தில் வேண்டும். ரிப்பேருக்கு நம் ஊரிலோ பக்கத்து ஊரிலோ ஆள் இருக்கிறாரா என்று கேளுங்கள். வட்டித் தவணையில் மட்டும் வேண்டாம். பொழுதுபோக்குக்கு வாங்கும் பொருளுக்காக வட்டியில் கால் வைப்பானேன்? இரண்டு மாதம் பொறுத்துச் சேர்த்து வாங்கட்டும்.

நாளை அக்கம்பக்கத்தார் கூலி கொடுத்து வேலை கேட்க ஆரம்பித்தால் அது தொழில். வீட்டுக் கட்டண இணைப்பில் தொழில் செய்வது மின்சாரச் சட்டப்படி அபராதத்துக்கு உரியது. முறையாக இணைப்பை மாற்றிக்கொள்ள வேண்டும். அந்த நிலைக்கு வரும் தம்பிகளுக்கு ஐடிஐ-இல் வெல்டர் பிரிவு ஓராண்டுப் படிப்பாக இருக்கிறது. அதைப் பற்றித் தனியே வந்து பேசுங்கள்.

கடைக்குப் போய் மெஷின் பார்த்துவிட்டீர்கள், சந்தேகமாக இருக்கிறது என்றால் முன்பணம் கொடுக்காதீர்கள். பின்புறத் தகட்டை எழுத்து தெரியும்படி போனில் படம் எடுத்துக்கொண்டு அலுவலகத்துக்கு வாருங்கள். அஸருக்குப் பிறகு மஃரிப் வரை ஆள் இருப்பார்கள். 28-ஆல் பெருக்கும் கணக்கை உட்கார்ந்து சேர்ந்தே போட்டுப் பார்ப்போம்.