கொல்லையில் நின்ற பெயரறியாப் பூ
(திங்கட் கூட்டத்தில் ஆற்றிய உரை)



குறிஞ்சிப்பாட்டில் கபிலர் அடுக்கிச் சொல்லும் 99 பூக்களையும் ஒரே மூச்சில் ஒப்பிக்கும் இளைஞர் சிலர் இவ்வவையில் உள்ளனர். நானும் 30 ஆண்டுகளாக ஒப்பித்து வருபவன், கைதட்டலும் பெற்றவன். அந்தப் பெருமைக்கு என் வீட்டுக் கொல்லையிலேயே நேர்ந்த தலைக்குனிவை உங்கள்முன் வைக்கவே இன்று எழுந்தேன்.

குடிக்கூலிக்கு எடுத்த வீடு. கொல்லையில் கிளுவை வேலி. கோடையில் அங்கே பச்சையென்று சொல்ல ஒன்றுமில்லை. மழை விழுந்ததும் வேலியடியிலிருந்து ஒரு கொடி கிளம்பியது, ஐப்பசியில் பூத்தது. நெருப்பைக் கிள்ளி வைத்தாற்போன்ற பூ! நாற்றுப்பண்ணைக்காரரிடம் காட்டினேன். “ஏதோ ஒரு லில்லிங்க” என்றார். படித்த அண்டைவீட்டார் மூவரும் உதட்டைப் பிதுக்கினர். நானோ, “பெயரறியாக் காட்டுக்கொடி” என்று முடிவு கட்டிவிட்டேன்.

ஒரு காலை, எட்டு அகவைப் பெயர்த்தி வேலியடியைத் தோண்டிக் கிழங்கொன்றை எடுத்து வந்தாள். “தாத்தா, வள்ளிக்கிழங்கு! சுட்டுத் தாருங்கள்” என்றாள். பெருக்க வந்த அம்மையார் துடைப்பத்தைப் போட்டுவிட்டு ஓடிவந்து அதைப் பிடுங்கினார். “ஐயா, இது கண்வலிக்கிழங்குங்க! தின்னா உசிரு போயிருமுங்க. பிள்ளைய இதுகிட்ட அண்ட விடாதீங்க!”

கண்வலிக்கிழங்கு! அதாவது செங்காந்தள்! கபிலரின் பூவடுக்கில் முதற்பூ! நம் மாநில மலர்! மேடைதோறும் மகளிர் விரலுக்கு உவமை காட்டிய பூவை வேலியில் கண்டபோது எனக்கு அடையாளம் தெரியவில்லை. சொல் என்னிடம் இருந்தது. பொருள் அந்த எழுத்தறியாத் தாயிடம் இருந்தது.

இனி, அதை நான் எப்படிக் கண்டிருக்க வேண்டும் என்பதைக் கேளுங்கள். பூவை மட்டும் பார்த்தது என் முதற்பிழை. பூ சில நாளில் உதிரும். இலையும் தண்டும் நெடுநாள் நிற்கும். காந்தளின் இலைக்குக் காம்பில்லை. அதன் நுனியே நீண்டு சுருண்டு பற்றுக்கம்பியாகி வேலியைப் பிடிக்கும். இவ்வொன்றே போதும், பூக்குமுன்பே அதை அறிய. பூவுக்கு அலையலையாய் ஓரம் நெளிந்த ஆறு இதழ்கள். அவை பின்னோக்கி மடிந்து நிமிரும். முதலில் பசுமஞ்சள், பின்பு அடி மஞ்சளும் நுனி சிவப்பும், முடிவில் முழுச்சிவப்பு. ஒரே கொடியில் மூன்று நிறம் கண்டு மூன்று வகை என மயங்குவாரும் உளர். நிலத்தடியில் கலப்பைபோல் வளைந்த கிழங்கு. அதனால் கலப்பைக்கிழங்கு என்றும் பெயர். கொடி பட்டுப்போனாலும் கிழங்கு உறங்கிக் கிடந்து மறுமழையில் தளிர்க்கும். ஈழத்தார் இதைக் கார்த்திகைப்பூ என்பர். பூக்கும் பருவமே அங்குப் பெயராகிவிட்டது பாருங்கள்!

குளோரியோசா சூப்பர்பா என்பது இதன் அறிவியற்பெயர். அதன்மேல் எனக்குப் பகையில்லை. நாடுகடந்து பேசும் அறிஞர்க்கு அது வேண்டும். ஆயினும் அப்பெயர் என் பெயர்த்தியைக் காத்திராது. இதன் கிழங்கிலும் விதையிலும் கோல்சிசின் என்னும் நஞ்சு உண்டு. மூட்டுநோய்க்கு அளவறிந்து தரும் மருந்தும் அதுவே. அவ்விதைக்காகவே மூலனூர், ஒட்டன்சத்திரப் பக்கங்களில் உழவர் இதைப் பந்தலிட்டுப் பயிர்செய்கின்றனர். தவறி உண்டால் வாந்தியும் வயிற்றுப்போக்கும் தொடங்கும், உயிரும் போகும். கைமருந்து பார்த்துக் காலம் கடத்தாமல், உண்டது இன்னதெனச் சொல்லி மருத்துவமனைக்கு ஓடவேண்டும். இன்னதெனச் சொல்லப் பெயர் தெரிந்திருக்க வேண்டுமே!

அலரியிலும் இம்மயக்கம் உண்டு. கணுவுக்கு மும்மூன்றாய் இலை நிற்பது நம் பழைய அலரி. மணிபோல் மஞ்சளாய்ப் பூத்து, ஒடித்தால் பால் வடிவது அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்த மஞ்சள் அலரி. இரண்டும் நஞ்சே, பின்னதன் விதை மிகக் கொடிது. வந்த செடிகள் எல்லாவற்றையும் வெறுக்கச் சொல்கிறேனல்லேன். அக்கண்டத்திலிருந்தே வந்து மாலையில் மலரும் செடிக்கு அந்திமல்லி என்று பெயரிட்டவர் யார்? புலவரா? கொல்லையில் நீர் ஊற்றிய நம் பெண்களாகவே இருக்கலாம்! நாமோ காக்கணங்கொடியை நாளும் பார்த்துக்கொண்டே, நூலில் கருவிளை என்று வந்தால் அது என்ன பூவென்று அகரமுதலியைப் புரட்டுகிறோம்.

அடுத்த திங்கட் கூட்டத்திற்கு வருவோர், தத்தம் வீட்டில் பெயரறியாமல் நிற்கும் செடியின் சிறுகிளை ஒன்றை, இலையும் பூவும் சேர்ந்தவாறு, தாளில் மடித்துக் கொண்டுவாருங்கள். கிழங்கைத் தோண்டவேண்டா, பாலைக் கையில் படவிடவும் வேண்டா. எந்த மண்ணில், எந்தத் திங்களில் பூத்தது என்பதையும் எழுதி வையுங்கள். அந்த அம்மையாரை வருமாறு கேட்டிருக்கிறேன். “எனக்கு என்ன தெரியுமுங்க?” என்று தயங்கினார்; ஒருவாறு இசைந்துள்ளார். முன்வரிசையில் அவருக்கு ஓர் இருக்கை போட்டு வையுங்கள்.